மலைத்தூசிக்குச் சாம்பிராணி

மலையிலிருந்து கடலூர் வந்து சேர்ந்த மறுநாள் காலை, கூடக் கொண்டு வந்த மாதிரிப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். நீலமாக இருக்க வேண்டிய சிலிக்கா மணிகள் ரோஸ் நிறமாகிக் கிடந்தன. ஈரத்தை உறிஞ்சி அவற்றுக்கு வயிறு நிரம்பிவிட்டது என்று அர்த்தம். இனிமேல் உள்ளே புகுகிற ஈரத்தை என் தூசிதான் குடிக்கும்.

'என் தூசி' என்று சொன்னால் அம்மாவுக்குச் சிரிப்பு வரும். இமயமலையில் ஒரு முகட்டின் மேல் மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து, காற்றை இழுத்து, வட்ட வட்டமான வடிதாள்களில் நான் பிடித்து வந்த துகள்கள் அவை. மேகம் சும்மா உண்டாவதில்லை. இந்த மாதிரித் துகள் ஒன்று வேண்டும், அதைப் பிடித்துக்கொண்டுதான் ஆவி துளியாகும். எல்லாத் தூசியும் ஒரே மாதிரி குடிப்பதுமில்லை. உப்புத்தூசி மடமடவென்று குடித்து ஊதிப்போகும். புதுப் புகைக்கரி தண்ணீரைக் கிட்டவே சேர்க்காது. ஆனால் அதே கரி சமவெளியிலிருந்து மலையேறும் வழியில் வெயில்பட்டுப் பழசாகி, மேலே போவதற்குள் குடிக்கப் பழகிவிடுகிறதா? இதுதான் என் ஆராய்ச்சி. சிதம்பரத்து ஆய்வகத்தில் அந்தத் தாள்களைக் காய்ந்த காற்றில் ஒருமுறை, ஈரக்காற்றில் ஒருமுறை எடை போட்டால் விடை தெரிந்துவிடும். தாள்கள் கெட்டுப்போனால் அடுத்த மழைக்காலத்துக்கு மறுபடியும் மலையேற வேண்டும்.

அம்மாவுக்கு அது நன்றாகவே தெரியும். அப்பாவை நான் அத்தா என்றுதான் கூப்பிடுவேன். அத்தா மவுத்தாகி அடக்கம் ஆன பிறகு வீட்டில் அவள் ஒருத்திதான். முந்தின நாள் நான் பையை இறக்கியதுமே, மலையில் போட்டிருந்த ஸ்வெட்டரைப் பிடுங்கி, கவரில் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டாள். "கடலூர்ல இதப் போட்டுக்கினு யாரு சுத்தப் போறாங்க? மலையெல்லாம் போதும், உன் தூசிய எழுதி முடிச்சிட்டு இங்கயே கெட" என்றாள்.

வெளியே ஐப்பசி மழை ஊற்றிக்கொண்டிருந்தது. சுவரெல்லாம் ஓதம். சமையலுக்கு ஆகாத பழைய வாணலியை அடுப்பில் வைத்து மணிகளை வறுக்க ஆரம்பித்தேன். சூடு பட்டால் ஈரம் போய் நீலம் திரும்பிவிடும். தீயை ஜாஸ்தி வைத்தால் மணிகள் பாழ், குறைத்தால் பொழுதுக்கும் கிளற வேண்டும். அடுப்பை விட்டு நகர முடியவில்லை. உள்ளே பெட்டியை அவசரத்தில் மூடாமல் வந்துவிட்டேன், மணிகள் ஈரத்தை இழுக்கட்டும் என்று தாள்கள் இருக்கும் தட்டுகளின் மூடிகளை லேசாக விலக்கி வைத்தது அப்படியே இருக்கிறது என்ற நினைப்பிலேயே கிளறிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் வாசனை வந்தது.

ஓடினேன். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தூபக்காலைப் பெட்டிக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை. அத்தா இருந்தபோது கடைச்சாவிக்கும் கல்லாவுக்கும் காட்டியது போல, என் பரீட்சைப் புத்தகங்களுக்குக் காட்டியது போல, தட்டுகளின் மூடிகளை இன்னும் கொஞ்சம் ஒதுக்கி, புகை உள்ளே இறங்கும்படி காட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்ற, அறிவிருக்கா உனக்கு!"

"ஏண்டி கத்துற? நல்லபடியா முடியணும்னு துவா கேட்டு சாம்பிராணி காட்டுறேன். இதுல என்னா?"

"போச்சு. மழைக்காலம் பூராவும் உக்காந்து புடிச்சது எல்லாம் போச்சு."

அவள் தூபக்காலை எடுத்துக்கொண்டு போனாள். வறுத்தது பாதி, வறுக்காதது பாதியாக மணிகளை அள்ளிப்போட்டுப் பெட்டியை மூடி, சாப்பிடாமலே பஸ் ஏறினேன். சிதம்பரம் வரைக்கும் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன். "கீழ வையேம்மா, ஆளுங்க நிக்கறாங்க இல்ல" என்று கண்டக்டர் சொன்னதற்கு அவரையும் முறைத்தேன். ஒருவேளை ஒட்டியிருக்காது, அரை நிமிஷப் புகைதானே என்று ஒரு மனசு. சாம்பிராணி பிசினாச்சே, விடுமா என்று இன்னொரு மனசு. ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் நகம் கடித்து விரலில் ரத்தம் வந்துவிட்டது.

எங்கள் பெட்டியில் எப்போதும் ஒரு வெறும் தாள் கூடவே வரும். அதன் வழியாக மலைக்காற்றை இழுப்பதே இல்லை. வழியில் ஏதாவது ஒட்டியிருந்தால் காட்டிக்கொடுப்பது அதன் வேலை. ஆய்வகத்தில் என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் மேடம் முதலில் அதைத்தான் தராசில் வைத்தார். எடை கூடியிருந்தது. தாளை மூக்கருகே கொண்டுபோனவர் என்னைப் பார்த்தார். அம்மா சாம்பிராணி காட்டியதைச் சொன்னேன்.

"இதோட எடையக் கழிச்சிட்டா போதாதா மேடம்?"

"எந்தத் தாள்ல எவ்ளோ ஒட்டுச்சுன்னு யாருக்குத் தெரியும்? இத வச்சி மலையப் பத்தி எழுதுனா, பாதி உங்க வீட்டப் பத்திதான் எழுதுவ. அடுத்த சீசன் போயிட்டு வா."

வராந்தாவில் அங்குமிங்கும் நடந்தேன். அழுகையாக வந்தது, கோபமாகவும் வந்தது. போனை எடுத்து, அம்மாவைப் பிடிபிடியென்று பிடிக்க வேண்டும் என்றுதான் நம்பரை அழுத்தினேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"கெட்டுப்போச்சாடி?"

"ம்."



"அப்போ நானே உன்ன மறுபடியும் மலைக்கு ஏத்தி விட்டுட்டனா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"மழை விட்டதும் அந்த ஸ்வெட்டர எடுத்து வெயில்ல போடும்மா" என்றேன்.