சித்தப்பா இறைத்த எள்ளும் நீரும்

கடல் நடுவே நிலம் தந்து, அந்நிலத்தில் எங்களையும் குடிவைத்த மயிலேறும் பெருமானே, நடந்ததை நடந்தபடி சொல்ல என் நாவில் நில்.

அன்று புரட்டாசி அமாவாசை. முன்னோருக்கு நீர் இறைக்கும் நிறைந்த நாள். எங்கள் தீவின் டாலிகஞ்சிலிருந்து கடற்கரைக்கு மூவர் சென்றோம்: நான், என் அத்தை, அவருடைய தம்பியான என் சித்தப்பா.

ஜப்பான் படை தீவைப் பிடித்திருந்த காலத்தில் என் தாத்தாவை ஒற்றன் என்று சொல்லிச் சிப்பாய்கள் இழுத்துச் சென்று கொன்றார்கள். அவர் போன பதினோராம் மாதம் சித்தப்பா பிறந்தார். அவருடைய சிறிய கண்களைப் பார்த்த பிறகு எவரும் எதையும் கேட்கவில்லை. கடைத்தெருவில் 'ஏ ஜப்பானி' என்பதே அவர் பெயர். பிரசவத்தில் தாய் இறந்துவிட, எட்டு வயது அத்தையே அவரை இடுப்பில் சுமந்து வளர்த்தார். சோறூட்டிய அதே அத்தை, தர்ப்பணத்தின் பக்கம் மட்டும் அவரை அண்டவிட்டதில்லை. என் தந்தை செய்த ஆண்டுகளிலும், அவருக்குப் பின் நான் செய்த ஆண்டுகளிலும் சித்தப்பா கரையில் குடை பிடித்து நின்றார்.

இவ்வாண்டு அந்தக் குடையை மடித்து என்னிடம் நீட்டிவிட்டு நீரில் இறங்கினார்.

மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்திருந்த சாஸ்திரிகள் அவர் விரலில் தர்ப்பையை மாட்டி, "தகப்பனார் பெயர்?" என்றார்.

"அவனுக்கு எதுக்கு அது?" கரையிலிருந்து அத்தை சீறினார். "எங்க அப்பாவைக் கொன்ன கூட்டத்து ரத்தம். அவன் கையால விட்டா அவர் குடிக்க மாட்டார்."

நான் கோழையானேன். "சித்தப்பா, கடைசியில யாருமில்லாதவங்களுக்குன்னு ஒரு கை நீர் உண்டு. அதை நீங்க விடுங்களேன்." எப்பிறவியிலும் நீயே தாய், நீயே தந்தை என்று இறைவனை நாள்தோறும் பாடும் என் வாய்தான் அப்படிச் சொன்னது.

"பஸ், போதும்டா" என்று இந்தி கலந்து சொன்னார் என்னிடம். பிறகு அத்தையைப் பார்த்தார். "அப்பாவை இழுத்துட்டுப் போன வழியை எனக்குக் காட்டினது நீதானே அக்கா? வேற எந்த அப்பாவை எனக்குக் காட்டினே? அடுத்த வருஷம் இந்த முட்டி தாங்காது."

"அலை ஏறுது, சீக்கிரம் சொல்லுங்கோ" என்றார் சாஸ்திரிகள்.

அலையொன்று முழங்காலில் மோத, சித்தப்பா தள்ளாடினார். தொண்ணூறை நெருங்கும் அத்தை புடவை நனைய இறங்கி அவர் இடுப்பைப் பற்றினார். பற்றிய கையை எடுக்கவில்லை. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார்.

"பெயர்?"

"என்னை ஏன் பாக்கறீங்க? அவனைக் கேளுங்க" என்றார் அத்தை சாஸ்திரிகளிடம்.

சித்தப்பா என் தாத்தாவின் பெயரைச் சொன்னார். எள்ளும் நீரும் அவர் விரல்வழியே கடலில் இறங்கின. நான் குடையை விரித்து இருவர் தலைமேலும் பிடித்தேன்.

இதைப் படிப்போர் இல்லங்களில் இருப்போர் பசியின்றியும், மறைந்தோர் தாகமின்றியும் இருக்க அவன் அருள் துணை நிற்க.