கதிரைப் போட்டுவிட்டு ஓடி வந்தவர்கள்

2005-ம் வருஷம். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. என் கணவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஃபிட்டராக இருந்தார். மடகாஸ்கர் நாட்டில் ஒரு மலைநகரத்தில் புதிதாகத் தொடங்கிய ஆலைக்கு ஃபிட்டர் வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். குடும்பத்தோடு வரலாம் என்று சொன்னதால் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அதுவரை நான் அதிகபட்சம் போன தூரம் பழனி மலைதான். திடீரென்று கடல் தாண்டி, ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு தீவின் நடு மலையில் கொண்டுபோய் உட்கார வைத்தால் எப்படி இருக்கும்?

முதல் மாதம் முழுக்க அழுதுகொண்டிருந்தேன். குளிர் வேறு. திருப்பூரிலிருந்து எங்களோடு வந்த மூன்று பேரும் ஆண்கள், குடும்பம் இல்லாதவர்கள். பகலெல்லாம் பேச ஆளில்லாமல் வீட்டுக்குள் கிடந்தேன். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் பேசுவதைக் கேட்கக் கேட்க ஒன்று பிடித்துப் போனது. எதைச் சொன்னாலும் கடைசியில் 'தும்ப்கு' என்று ஒரு மரியாதைச் சொல்லைச் சேர்ப்பார்கள். காய் விற்பவரும் அப்படித்தான், ரிக்‌ஷா இழுப்பவரும் அப்படித்தான். நாம் எல்லாவற்றுக்கும் ஒரு 'ங்க' போடுவது மாதிரியே. அதைக் கண்டுபிடித்த அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

அந்த மலைகளெல்லாம் ஒரு காலத்தில் எரிமலைகளாம். உச்சியில் கிண்ணம் மாதிரிக் குழிந்திருக்கும். சிலவற்றில் தண்ணீர் நின்று கரும்பச்சையாக ஏரியாகிவிட்டது. எப்போதோ வழிந்த நெருப்புக் குழம்பு கருங்கல்லாக இறுகிக் கிடக்கும். அந்தக் கல்லைப் பொறுக்கி வரப்புக் கட்டி, மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாக நெல் போட்டிருப்பார்கள். என் கணவர் காங்கேயத்துப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. கிணறு வற்றி, போர் போட்டும் தண்ணீர் வராமல்தான் அவர் பனியன் வேலைக்கே வந்தார். அப்படிப்பட்டவர், ஒவ்வொரு படியிலும் தண்ணீர் வழிந்து இறங்குவதைப் பார்த்தால் சும்மா இருப்பாரா? லீவு கிடைத்தால் போதும், ஆலை டிரைவரைக் கூப்பிட்டுக்கொண்டு வயல் பார்க்கக் கிளம்பிவிடுவார்.

அன்றைக்குச் சனிக்கிழமை. ஏப்ரல் மாதம். அங்கே மழைக்காலம் முடிந்து அறுப்பு நடக்கும் நேரம். டிரைவர், தான் வழக்கமாக உருளைக்கிழங்கு வாங்கும் ஒரு சின்ன கிராமத்துக்கு எங்களைக் கூட்டிப்போனார். ஓர் ஓடையோடு ஜீப் போகும் பாதை முடிந்துவிட்டது. அதற்கு மேல் பலகைப் பாலத்தில் நடந்து, படிவயல்களின் ஓரமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏறினோம். செம்மண் சுவரில் கூரை வேய்ந்த முப்பது வீடுகள் இருந்தால் அதிகம். ஊரே வயலில் இருந்தது. மேற்கே மேகம் கட்டிக்கொண்டு வந்ததால், ஆலங்கட்டி மழை வந்துவிடும் என்று அவசர அவசரமாக அறுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த மலையில் ஆலங்கட்டி விழுந்தால் முற்றின கதிரில் ஒரு மணி மிஞ்சாது என்று டிரைவர் சொன்னார்.

என் கணவர் மண்ணைக் கையில் எடுத்து உதிர்த்துப் பார்த்தார். ராகி மாவு மாதிரி உதிர்ந்தது. "இந்த மண்ணு நம்மூர்ல ஒரு ஏக்கரா இருந்தாப் போதும் அம்மிணி, நான் எதுக்கு ஸ்பேனரைப் புடிக்கப் போறேன்" என்றார். அப்போதுதான் வயலோரத்தில் கதிர்க்கட்டு ஏற்றிக்கொண்டிருந்த ஒரு மாட்டு வண்டி அவர் கண்ணில் பட்டது. வலப்பக்கத்து மாடு வெள்ளையும் சாம்பலுமாக, பெரிய திமிலோடு நின்றது.

"இங்க பாரு, அப்படியே நம்மூட்டு மயிலைக் காளை மாதிரியே இருக்குது."

"ஏனுங்க, தெரியாத மாடுங்க. கிட்டப் போகாதீங்க."

"மாட்டைப் பத்தி எனக்கா சொல்ற?"

சிரித்துக்கொண்டே பின்பக்கமாகப் போய்த் திமிலில் கையை வைத்தார். மாடு கொம்பை ஒரே ஒரு திருப்புத்தான் திருப்பியது. அவர் வரப்பில் உட்கார்ந்த மாதிரிதான் எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் போனால், அடிவயிற்றின் வலது பக்கம் சட்டை நனைந்து சிவந்துகொண்டிருந்தது. "ஒண்ணுமில்ல அம்மிணி, பயப்படாத" என்றார். சொல்லும்போதே முகம் வெளுத்துவிட்டது.

நான் கத்தினேனா என்று எனக்கு ஞாபகமில்லை. டிரைவர் கத்தினார். அதற்குப் பிறகு நான் பார்த்ததைத்தான் இன்று வரைக்கும் மறக்க முடியவில்லை. மேல் படியிலும் கீழ்ப் படியிலும் இருந்தவர்கள் அரிவாளைப் போட்டார்கள், கட்டிய கதிரைப் போட்டார்கள், கட்டாத கதிரை அப்படியே விட்டார்கள். ஊர் மொத்தமும் வரப்புகளில் குதித்து எங்களை நோக்கி ஓடிவந்தது. மாட்டுக்காரர் என் கணவரைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருப்பார். தன் மேல்துண்டை மடித்துக் காயத்தின் மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.  

வண்டியில் போட்டால் குலுக்கலில் ரத்தம் தாங்காது என்று பேசிக்கொள்வதாக டிரைவர் சொன்னார். யாரோ இரண்டு நீளமான தைலமரக் கம்புகளைக் கொண்டுவந்தார்கள். அந்தப் பெண்கள் குளிருக்குத் தோளைச் சுற்றி ஒரு பெரிய வெள்ளைத் துணி போர்த்தியிருப்பார்கள். யாரும் கேட்கவில்லை, ஒருத்தர் பின் ஒருத்தராக அதைக் கழற்றிக் கொடுத்தார்கள். கம்புகளில் அதை முறுக்கிக் கட்டித் தூளி மாதிரி செய்து, காயத்தின் மேல் துண்டை இறுக்கிக் கட்டி, அவரைத் தூக்கிக் கிடத்தினார்கள். முன்னால் மாட்டுக்காரரோடு நான்கு பேர், பின்னால் நான்கு பேர். மற்றவர்கள் கூடவே ஓடினார்கள், தோள் மாற்ற.

ஒருவர் ஒரு வார்த்தை சொல்வார், எல்லாரும் திருப்பிச் சொல்வார்கள். அந்தத் தாளத்துக்கு எல்லாக் கால்களும் ஒன்றாக விழும். கருங்கல் வரப்பில், ஒற்றையடிப் பாதையில், அவர் உடம்பு அலுங்காமல் போனது. நான்தான் இரண்டு இடத்தில் விழுந்தேன். மூன்றாவது தடவை விழப் போனபோது ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் மாட்டுக்காரரின் மனைவி என்று அப்போது எனக்குத் தெரியாது. அவர் பேசியது எனக்குப் புரியவில்லை. நான் "ஐயோ சாமி, ஐயோ சாமி" என்று புலம்பியது அவருக்குப் புரிந்திருக்காது. ஆனால் கையை விடவில்லை.

பாதி தூரம் இறங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. பின்னாலேயே ஆலங்கட்டி. புளியங்கொட்டை அளவில் ஆரம்பித்துச் நெல்லிக்காய் அளவுக்குப் போனது. மரம் இல்லை, ஒதுங்க இடமில்லை. இரண்டு பெண்கள் ஒரு கோரைப்பாயை என் கணவரின் முகத்துக்கும் வயிற்றுக்கும் மேலே பிடித்துக்கொண்டே ஓடினார்கள். தூக்கியவர்களின் தலையிலும் கழுத்திலும் கல் விழுந்துகொண்டே இருந்தது. ஒருவர் நெற்றியில் ரத்தம் வழிந்தது. அவர் தோளைக் கொடுத்த மாதிரியே கொடுத்துக்கொண்டு போனார். எல்லாரும் தோள் மாற்றினார்கள், மாட்டுக்காரர் மட்டும் மாற்றவில்லை. மற்றவர்கள் கேட்டதற்குத் தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

ஓடைக்கு வந்தால் பலகைப் பாலத்தைக் காணோம். செம்மண் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. அக்கரையில் ஜீப் நிற்பது தெரிகிறது, போக வழி இல்லை. அவ்வளவுதான் என்று நான் கரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. உயரமான ஆண்கள் முதலில் இறங்கி, கையோடு கை கோத்து, இடுப்பளவு தண்ணீரில் குறுக்கே ஒரு வேலி மாதிரி நின்றார்கள். அந்த வேலியில் சாய்ந்துகொண்டு, மற்றவர்கள் கம்புகளைத் தலைக்கு மேல் தூக்கி அவரைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோனார்கள். நடுவில் ஒருவர் வழுக்கியபோது கம்பு சாய்ந்தது.  எங்கிருந்தோ இன்னொரு கை வந்து அதை நிமிர்த்தியது. என்னை அந்தப் பெண்ணும் இன்னொருவரும் நடுவில் வைத்துக் கூட்டிப்போனார்கள்.

ஜீப்பில் ஏற்றியதும் மாட்டுக்காரர் காயத்தை அழுத்திக்கொண்டு கூடவே ஏறினார். அவர் மனைவி நனைந்த துணியோடு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். வண்டி கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். அத்தனை பேரும் கொட்டும் மழையில் ஓடைக்கரையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் உடனே ஆபரேஷன் செய்தார்கள். குடலில் ஓட்டை விழுந்திருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் விஷம் பரவி உயிர் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். என் கணவர் கண் விழித்ததைப் பார்த்துவிட்டுத்தான் மாட்டுக்காரர் ஊருக்குக் கிளம்பினார். மனைவியை விட்டுவிட்டுப் போனார்.

அங்கே ஆஸ்பத்திரியில் சாப்பாடு தரமாட்டார்கள். நோயாளியோடு இருப்பவர்கள்தான் வெளியே கரி அடுப்பு வைத்துச் சமைக்க வேண்டும். எனக்கு எங்கே அடுப்பு, எங்கே தண்ணீர், ஒன்றும் தெரியாது. அந்தப் பெண்தான் எல்லாம் செய்தார். குழைய வடித்த கஞ்சி செய்து, டாக்டர் சொன்ன பிறகு அவருக்கு ஊட்டச் சொல்லி என் கையில் கொடுப்பார். நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தால் தட்டைக் காட்டி முறைப்பார். என் கணவர் அரைக் கண்ணில் பார்த்துவிட்டு, "உனக்கு ஒரு மாமியார் கெடச்சிருச்சு" என்று முனகினார். ஆபரேஷனுக்குப் பிறகு நான் முதல்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

ஒரு வாரம் போல ஆகியிருக்கும். டிரைவர் பார்க்க வந்தபோது, "அந்த ஊரில் அறுப்பு முடிந்ததா?" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் கேட்டேன்.  அவர் சொன்னார். அறுத்துப் போட்ட கதிர் எல்லாம் தண்ணீரில் கிடந்து முளைவிட்டுவிட்டது. நின்ற கதிரை ஆலங்கட்டி உதிர்த்துவிட்டது. என் கணவரைத் தூக்கிக்கொண்டு ஓடாமல் இருந்திருந்தால், அன்றைக்கு மழைக்கு முன்னால் இருந்த அந்த நேரத்தில் பாதிக்கு மேல் வீடு சேர்த்திருப்பார்கள். எங்கள் கூட இருந்த பெண்ணின் வயல்தான் முதல் சரிவில் இருந்ததாம், ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லையாம்.

 நான் தாராபுரத்து வாய்க்கால் பாசனத்தில் வளர்ந்தவள். அறுத்துப் போட்ட நெல் முளைத்துப் போனால் ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்று தெரியும். அந்தப் பெண் அத்தனை நாளும் என் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சுளிப்பைக்கூட நான் பார்க்கவில்லை.

"இவங்க ஏன் இங்கேயே இருக்காங்க? ஊட்டுக்குப் போகச் சொல்லுங்க" என்று டிரைவரிடம் அழுதுகொண்டே சொன்னேன். என் தமிழ் அவருக்குப் புரியாது என்பதுகூட எனக்கு நினைவில்லை. பிறகு இங்கிலீஷில் சொன்னேன். அவர் அந்தப் பெண்ணிடம் கேட்டார். அந்தப் பெண் அடுப்பில் ஊதிக்கொண்டே ஏதோ சொல்லிவிட்டு, மறுபடி ஊத ஆரம்பித்தார்.

"நெல் அடுத்த வருஷம் வரும். உங்களோடு துணைக்கு இருக்க இங்கே ஒரு பெண் இல்லையே, அதனால் இருக்கிறாராம்" என்றார் டிரைவர்.

இவ்வளவுதான் அவர் சொன்ன காரணம்.

கொஞ்சம் தேறியதும் நாங்கள் அந்தக் கிராமத்துக்குப் போனோம். மாட்டுக்காரர் எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். அந்த மாட்டை விற்றுவிடப் போவதாகச் சொன்னார். என் கணவர் பதறிப்போய், "மாட்டு மேல தப்பே இல்லீங்க. முன்னால நின்னு கொரல் குடுத்துட்டுத்தான் கிட்டப் போவோணும். நானும் மாட்டுக்காரன்தானுங்க, புத்தி கெட்டுப் போயிப் பின்னால வந்து தொட்டுட்டேன். விக்காதீங்க" என்றார். நான் அதை இங்கிலீஷில் சொல்லி, டிரைவர் அவர்கள் பாஷையில் சொல்லி முடிக்கும் முன்னாலேயே மாட்டுக்காரருக்குப் புரிந்த மாதிரி இருந்தது. எழுந்து வந்து என் கணவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர்களுக்கு நாங்கள் எது கொடுத்தாலும் வாங்கவில்லை. நெல் தப்பிய வீடுகள், போன வீடுகளுக்கு அளந்து கொடுத்துவிட்டன என்று சொன்னார்கள். அதிலிருந்துதான் எங்களுக்கும் சோறு போட்டார்கள்.

அக்டோபரில் அங்கே நடவு. நான் டிரைவரிடம் சொல்லி அழைத்துப் போகச் சொன்னேன். சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு அந்தப் பெண்ணின் வயலில் இறங்கினேன். வெளிநாட்டுக்காரி சேற்றில் இறங்குகிறாள் என்று எல்லாரும் கைகொட்டிச் சிரித்தார்கள். நான் நாற்றுக் கட்டைப் பிரித்து நாலு வரிசை நட்டதும் சிரிப்பு நின்றது. அந்தப் பெண் வந்து என் பக்கத்தில் குனிந்து நட ஆரம்பித்தார். பொழுது சாயும்வரை அந்த வரிசையை விட்டு நான் எழவில்லை. கரையேறியதும், "மிசோத்ரா தும்ப்கு" என்றேன். நன்றிங்க என்று அர்த்தம். நான் சொல்ல வேண்டியதை நீ சொல்கிறாயே என்பது மாதிரி என் முதுகில் ஒரு அடி போட்டார்.

இரண்டு வருஷம் கழித்து ஊர் திரும்பிவிட்டோம். இப்போது திருப்பூரில் நாங்கள் இருக்கும் லைன் வீடுகளில் தெற்கத்திக் குடும்பங்களும் ஒரிசாக்காரர்களும் கலந்து இருக்கிறார்கள். யார் வீட்டிலாவது உடம்புக்கு முடியவில்லை என்றால் நான் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போய் உட்கார்ந்துகொள்கிறேன். பாஷை தெரியாவிட்டாலும் கஞ்சி வைத்துக் கொடுக்கிறேன். அந்தப் பெண்ணின் பெயர் அவ்வளவு நீளம், எனக்கு இன்று வரை வாயில் நுழையவில்லை. ஆனாலும் நல்லது கெட்டதுக்கு வந்து நிற்க நமக்கு யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று எங்கள் வீட்டில் பேச்சு வரும்போதெல்லாம், என் கணவர் முதலில் சொல்வது அவரைத்தான்.