பூட்டிய கேட்

ரயில்வே கேட்டில் வேலை பார்ப்பவளுக்கு ஊர் வைத்த பெயர் கேட்டம்மா. எட்டு மணி நேரம். ஒரு நாற்காலி, ஒரு போன், இரண்டு கொடி. அந்த வழியே ஆயிரம் பேர் போவார்கள், வருவார்கள்; "சாப்பிட்டியா" என்று கேட்க ஒரு நாதி கிடையாது. கணவன் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் நாலு நாள் முகம் காட்டினால் பெரிய விஷயம்.

அங்கே கழிப்பறை இல்லை. இருநூறு அடி தள்ளிப் போக வேண்டும். போன நேரம் பார்த்துத்தான் போன் அடித்துத் தொலைக்கும். அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாள். மூத்திரம் போகும்போது எரிச்சல் வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டாள். முதல் பிள்ளை வயிற்றில் ஆறு மாதமாக இருந்தபோது துணி நனைந்தது. அடக்கி வைத்ததுதான் கசிகிறது என்று ஒன்றரை நாள் சும்மா இருந்துவிட்டாள், பாவி மகள். உடைந்தது பனிக்குடம் என்று தெரிவதற்குள் காய்ச்சல் ஏறி, எல்லாம் கைமீறிப் பிள்ளை போய்விட்டது.

இரண்டாவது உண்டானதும் ஆஸ்பத்திரி நர்ஸக்கா உட்கார வைத்துச் சொன்னாள்.

"ஒரு தடவை முன்கூட்டியே உடைஞ்சிருந்தா மறுபடியும் உடைய வாய்ப்பு அதிகம். மூத்திரத்துல கிருமி இருந்தா அதுவும் சேரும். அடக்காத. ரத்தம் பட்டா உடனே காட்டு. வீட்ல யாராவது பீடி பிடிக்கிறாங்களா?"

"வீட்ல ஆளே இல்லக்கா, பீடிக்கு எங்க போறது?"

"வாயப் பாரு! ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. ஒரு சொட்டு கசிஞ்சாலும் அது என்னன்னு நீயே தீர்ப்பு சொல்லாத. ஓடி வந்துடு."

ஏழாம் மாதம், காலை பத்தேகால். கேட்டைப் பூட்டிக் கொடி காட்டி நின்றவளுக்குக் கால் வழியே வெதுவெதுப்பாக இறங்கியது. ரயில் கடந்துபோனது. அடுத்த ரயிலுக்கு அரை மணிகூட இல்லை. திறந்துபோட்டுவிட்டு ஓட முடியாது; திறந்தால் திரும்பப் பூட்ட உடம்பு நிற்குமா, தெரியாது. ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள்.

"சார், பனிக்குடம் உடைஞ்சிடுச்சு. மாத்து ஆள் அனுப்புங்க. அதுவரைக்கும் கேட் பூட்டியேதான் இருக்கும்."

"வண்டியெல்லாம் நிக்குமேம்மா..."

"நிக்கட்டும் சார்."

இரண்டு பக்கமும் ஹாரன் காதைப் பிளந்தது. "கேட்டம்மா, தூங்கிட்டியா?" என்றான் ஒருவன். "என்ன, உங்கப்பன் வீட்டு ரோடா?" என்றான் இன்னொருவன். வயிற்றில் இரண்டு கையையும் வைத்து உட்கார்ந்திருந்தாள். யாராவது வந்து கையைப் பிடித்துக்கொள்ள மாட்டார்களா என்று இருந்தது. கத்தினது நூறு பேர்; இறங்கி வந்து ஏன் என்று கேட்டவர் ஒருவரும் இல்லை.

மாற்று ஆள் பைக்கில் வந்து சேர்ந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டுத் தனியாகவே ஆட்டோ ஏறினாள்.

"உடைஞ்சு எவ்வளவு நேரமாச்சு?" என்றார் டாக்டர்.

"அம்பது நிமிஷம் இருக்கும்."

"நல்லவேளை, உடனே வந்துட்டீங்க. கிருமி தொத்தாம இருக்க மருந்து, குழந்தையோட நுரையீரலுக்கு ஊசி, எல்லாத்துக்கும் நேரம் இருக்கு. துடிப்பும் நல்லா இருக்கு."

அதைக் கேட்டதும் வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.

"நல்ல சேதிதானேடி, எதுக்கு அழற?" என்றாள் நர்ஸக்கா.

"அப்ப அந்தப் பிள்ளைக்கும் நேரம் இருந்திருக்குமேக்கா."

நர்ஸக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.