வாயில் குண்டூசி

தையல்காரியின் உதட்டோரம் எந்நேரமும் நாலைந்து குண்டூசிகள் இருக்கும். அவை அங்கே இருந்தால்தான் அவளுக்கு வேலை ஓடும். வாயைத் திறந்தால் விழுந்துவிடுமே என்று வீட்டாரிடம் எல்லாவற்றுக்கும் ‘ம்’தான். சம்மதத்துக்கு ஒரு ‘ம்’, கோபத்துக்கு இழுத்த ‘ம்’, கேள்விக்குத் தூக்கிய ‘ம்’. வாடிக்கையாளர் தலை தெரிந்தால் மட்டும் ஊசிகள் மளமளவென்று ஊசி குத்திவைக்கும் மெத்தைப் பொதியில் ஏறிவிடும். “வாங்க, வாங்க! உட்காருங்க!” என்று ஆரம்பித்தாளானால் அந்த வாய்க்குப் பூட்டுப் போட ஆள் கிடையாது.

மகள் குட்டிக்கு இரண்டு வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸ் பூனைப் படம் ஒன்றைக் காட்டி, “இது என்னடா செல்லம்?” என்றாள். குட்டி வாயே திறக்கவில்லை.

“வீட்ல பேசுவாளா?”

“ஐயோ, ஓயாம பேசுவா சிஸ்டர். புது ஆளுங்கன்னா கூச்சம்.” கூசாமல் சொன்னாள் தையல்காரி.

உடனே குட்டி அவள் மானத்தை வாங்கினாள். மேசையிலிருந்த பென்சிலை எடுத்து உதட்டில் கவ்விக்கொண்டு, தலையைச் சாய்த்து, பூனையைப் பார்த்து “ம்ம்?” என்றாள். பேசுவதென்றால் வாயில் எதையாவது கவ்வ வேண்டும் என்று நினைத்திருக்கிறது பிள்ளை, பாவம்.

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “யாரப் பாத்துக் கத்துக்கிட்டா?”

“அவங்க அப்பாதான். எப்பப் பாரு வாயில பல்குச்சி.”

பச்சைப் பொய். பஸ் ஓட்டும் அந்த மனுஷன் வாரத்தில் ஒரு நாள்தான் பிள்ளையை விழித்திருக்கும்போது பார்ப்பான். அன்றைக்கெல்லாம் குட்டியோடு வாய் ஓயாமல் பேசுவதும் அவன்தான்.

“காது டெஸ்டுக்கு எழுதித் தரேன், அதையும் பாத்துடலாம். அவர்கிட்ட சொல்லுங்க, பிள்ளை எதையாவது காட்டினா முகத்தப் பாத்துப் பதில் சொல்லணும். குளிக்கும்போது, சாப்பிடும்போது, சும்மா பேசிட்டே இருக்கணும்.”

“சொல்றேன் சிஸ்டர்.”

வீடு வரும்வரை அவளால் தலைநிமிர்ந்து நடக்க முடியவில்லை. செய்த தப்பு போதாதென்று பழியையும் அந்த அப்பாவி மேல் போட்டாயிற்று. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல வெட்கமாக இருந்தது.

அப்படியும் பாருங்கள், கவுனுக்கு மடிப்பு வைக்க உட்கார்ந்ததும் கை தானாக ஊசிகளை வாய்க்குக் கொண்டுபோய்விட்டது. குட்டி தரையில் கிடந்த பொத்தானை எடுத்துவந்து நீட்டினாள். “ம்ம்?”

தையல்காரிக்குச் சுருக்கென்றது. ஊசிகளை எல்லாம் எடுத்துப் பொதியில் குத்தினாள். கவுனை ஒதுக்கிவிட்டுப் பிள்ளையின் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

“என்னம்மா கண்ணு? பொத்தானா? நீலப் பொத்தானா?”

குட்டி திகைத்துப்போய் அவளைப் பார்த்தாள், பொதியைப் பார்த்தாள். சட்டென்று வாசல் பக்கம் திரும்பினாள். அம்மா வாயிலிருந்து ஊசி இறங்கினால் யாரோ வந்திருக்க வேண்டும், அதுதானே அந்த வீட்டு வழக்கம்.

வாசலில் யாரும் இல்லை. ஆனாலும் குட்டி வாய் நிறையச் சிரித்து, “வாங்க” என்றாள்.