கீழிருந்து படித்த அண்ணி

அண்ணியின் போன் என்னிடம்தான் இருக்கிறது. கண்ணாடி ஒரு மூலையில் விரிசல். அண்ணி இறந்த பிறகு அண்ணனால் அதைப் பார்க்க முடியவில்லை, என்னிடம் கொடுத்துவிட்டார். நான் லோரி ஓட்டுகிறவன். படிப்பு ஆறாம் வகுப்போடு சரி.

அண்ணி கிள்ளானில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ், எங்கள் பேச்சில் மிஸ்ஸி. போனில் எதைத் திறந்தாலும் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி அடிக்குப் போவார். எழுதியது யார், எந்த வருஷம், பின்னால் எந்தக் கம்பெனி என்று பார்த்துவிட்டுத்தான் மேலே வருவார். சாப்பிடுமுன் பில்லைக் கேட்கிற ஆள் என்று அண்ணன் கேலி செய்வார். அண்ணி சிரிக்கமாட்டார்.

அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தபோது இடுப்புக்குக் கீழே தோல் சிவந்தது, படுக்கைப்புண் வரும் அடையாளம். அப்பாவின் தங்கை, பந்திங் அத்தை, எண்ணெயைச் சூடாக்கித் தேய்க்க உட்கார்ந்தார். எங்கள் வீடுகளில் பாசம் என்றால் எண்ணெய்தான். அப்படித் தேய்க்கச் சொல்லும் வீடியோ ஒன்றையும் போனில் வைத்திருந்தார். அண்ணி அதைக் கடைசிவரை பார்த்தார். பிறகு அத்தையின் கையைப் பிடித்தார்.

"அத்தை, இதுல பேரு இல்ல, வருஷம் இல்ல. விக்கிற எண்ணெய் போத்தல் மட்டும் இருக்கு. செவந்த எடத்தத் தேச்சா உள்ள சதை இன்னும் கெடும் லா. பெரட்டிப் படுக்க வைங்க."

தானும் படித்த காலத்தில் பவுடர் போட்டுத் தேய்த்தவர்தானாம். பிறகு வந்த ஆராய்ச்சிகளைத் தேடிப் படித்து, தேய்ப்பதை விட்டுவிட்டாராம். நல்ல பக்கமும் பழசாகும், திரும்பத் தேடணும் என்றார்.

"கல்லு மனசும்மா ஒனக்கு," என்றார் அத்தை.

தேய்க்கச் சொல்லி அப்பா முனகுவார். அண்ணி புரட்டுவார். அவர் வேலைக்குப் போனால் நான் புரட்டுவேன். சிவப்பு மங்கியது. கொஞ்ச காலம் கழித்து அப்பா நெஞ்சு அடைத்துப் போனார். குளிப்பாட்டும்போது பார்த்தோம், தோல் எங்கும் கிழியவில்லை. அத்தை எண்ணெய் கொண்டுவந்து தலையிலிருந்து முதுகுவரை தேய்த்தார். அன்றைக்கு யாரும் தடுக்கவில்லை. அண்ணி சுவரைப் பார்த்து நின்றார்.

இப்போது அத்தை எழ முடியாமல் பூச்சோங்கில் என் வீட்டில் படுத்திருக்கிறார். நேற்று அவர் இடுப்பிலும் சிவப்பு. குடும்பக் குரூப்பில் யாரோ அதே வீடியோவை அனுப்பினார்கள். இந்தச் சிவப்பைப் பற்றி அண்ணி சேமித்து வைத்த பக்கத்தை அவர் போனில் திறந்தேன். இங்கிலீஷ் எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். அடிக்குப் போனேன். பேர் இருந்தது. வருஷம் இருந்தது, பழைய வருஷம். காலையில் கிளினிக் மிஸ்ஸியிடம் காட்டினேன். தேடிப் பார்த்துவிட்டு, புதுசிலும் இதேதான் அங்கிள், தேய்க்கக் கூடாது என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை கேட்டார்.

"கொஞ்சம் தேச்சு விடேன்டா."

போனைக் கட்டிலில் வைத்துவிட்டு அவரைப் புரட்டினேன். கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"ஒங்க அண்ணி வந்துட்டாளா?"

அவர் முதுகுக்குப் பின்னால் தலையணையைச் செருகினேன். போன் பக்கத்தில் அணைந்து கிடந்தது.