பஞ்சாமிர்தத்தில் எத்தனை கலோரி?

போன வாரம் அம்மாவையும் தங்கை பவித்ராவையும் கூட்டிக்கொண்டு பழனிக்குப் போயிருந்தேன். நல்ல தரிசனம். ஆனால் இறங்கும்போது பாதிப் படியில் தங்கை சட்டென்று உட்கார்ந்துவிட்டாள்.

“கண்ணை இருட்டிக்கிட்டு வருதும்மா...”

அம்மா பதறவில்லை. “இம்புட்டு நாள் வெரதம்ல... அதான்” என்றபடி, மேலே வாங்கிய பஞ்சாமிர்த டப்பாவைத் திறந்தார். “சாமி பாத்தாச்சு, வெரதம் முடிஞ்சுச்சு. ஆ காட்டு, தாயி.”

தங்கை வாயைத் திறக்கவில்லை. டப்பாவையே பார்த்தாள். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: “அண்ணே, இதுல ஒரு ஸ்பூனுக்கு எம்புட்டு கலோரி இருக்கும்?”

மலையேறி வந்த பக்தை கேட்கிற கேள்வியா இது?

பவித்ரா திண்டுக்கல்லில் காலேஜ் படிக்கிறாள். சில மாதங்களாகவே ஒரே விரதம். முதலில் சஷ்டி. பிறகு கிருத்திகை. அப்புறம் செவ்வாய், வெள்ளி... நாங்கள் சாணார்பட்டிப் பக்கம் காய்கறி விவசாயம் பார்க்கிற குடும்பம். வீட்டுப் பெண் சாமிக்காகச் சாப்பிடாமல் இருந்தால் எங்களுக்கு அது பெருமை. ‘எம்மகளுக்கு முருகன் மேல அம்புட்டு பக்தி’ என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லியிருந்தார். தங்கைக்குச் சுடிதார் தொளதொளத்தது. கன்னம் ஒட்டியது. எனக்கும் அது பக்தியாகத்தான் தெரிந்தது. டயட் என்று சொல்லியிருந்தால் ‘எதுக்கு?’ என்று கேட்டிருப்போம். விரதம் என்றால் யார் கேட்பது?

“கலோரின்னா என்னப்பா? முந்திரி கணக்கா எதுவும் போடுறாகளா?” — அம்மாவுக்குக் காதில் விழுந்துவிட்டது.

அவ்வளவுதான்... தங்கை உடைந்து அழுதாள். “வெரதமெல்லாம் பொய்யிம்மா. காலேஜ்ல ஃபேஷன் ஷோ. நீ குண்டு, பின்னாடி நில்லுன்னுட்டாளுக. நான் இந்த மாதிரி ஆகணும்” என்று போனை நீட்டினாள்.

மேடையில் நடக்கும் ஒரு மாடல். கழுத்தெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு நிற்கின்றன. கை, மூங்கில் குச்சி.

அறை விழப்போகிறது என்று நினைத்தேன். அம்மா போனை வாங்கி அந்தப் படத்தைப் பார்த்தார்.

“யாரு பெத்த பிள்ளையோ... இதுக்குச் சோறு போட ஆளு இல்லையா? இதுக்கும் இப்பிடித்தான கண்ணை இருட்டும்?”

“அவளுக்கு லட்சக்கணக்குல லைக்கும்மா...”

“அது கெடக்கட்டும். சாப்டுச்சாம்மா அந்தப் பிள்ளை?”

திட்டு வாங்கத் தயாராக இருந்த தங்கை, மறுபடி அந்தப் படத்தைப் பார்த்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பஞ்சாமிர்தத்துக்கு வாயைத் திறந்தாள்.

மாடலைத் திட்ட எனக்கும் மனம் வரவில்லை. அவளையும் யாரோ டேப் வைத்து அளந்துதானே வேலைக்கு எடுத்திருப்பார்கள்? மழை பொய்த்த வருஷங்களில் என் அப்பாவின் கன்னம் இப்படித்தான் ஒட்டிக் கிடந்தது. ஊரே பரிதாபப்பட்டது. இன்று அதே ஒட்டிய கன்னத்துக்கு லைட் போட்டுக் கைதட்டுகிறோம். பசிக்குக்கூட ஃபேஷன் வந்துவிட்டது!

திண்டுக்கல் வந்ததும் டாக்டரிடம் காட்டினோம். ரத்தம் கம்மி... மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை, ஒழுங்காகச் சாப்பிட்டால் தேறிவிடுவாள் என்றார். அப்பாடா!

நேற்று வெள்ளிக்கிழமை. மகள் சாமி பேரில் பொய் சொன்னதற்குப் பரிகாரமாக அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். தங்கை தட்டில் சோற்றோடு வந்து எதிரே நின்றாள்.

“பட்டினி கெடந்தா ஒடம்பு என்னத்துக்கும்மா ஆகும்?”

“நீ ஏமாத்துனதுக்கு நாந்தானடி பதில் சொல்லணும்?”

“அதெல்லாம் முருகன்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ மொதல்ல சாப்புடு.”

“அப்ப நீயும் உக்காரு.”

இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். முருகன் கோபித்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை.