பெயர் தொலைத்த கல்யாணங்கள்

மண்டலே நகரில் மின்சாரம் வந்தால் முதல் வேலை தண்ணீர் மோட்டார் போடுவதுதான். தெருவே "வந்துருச்சு" என்று கத்தும். அத்தனை மோட்டாரும் ஒன்றாக உறும, பாரம் தாங்காமல் மின்சாரம் மறுபடி படுத்துவிடும். யாரும் திருந்தியதில்லை.

அந்தத் தெருவில் ஒன்பது வருடமாகக் குடியிருக்கும் சிட் நைங், அன்றுதான் முதன்முதலாக வீடு வீடாகக் கதவைத் தட்டினார். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர். மனிதர்களோடு பேசுவதுதான் அவருக்கு வேப்பங்காய். கல்யாண வீடியோ எடுக்கும் கடையொன்றின் பெரிய ஹார்டு டிஸ்க் பெட்டி அவரிடம் வந்திருந்தது. மின்வெட்டில் பாதி வேலையில் அணைந்து, எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று அதற்கே தெரியாமல் குழம்பிப் போயிருந்தது. பதினோரு வருடக் கல்யாணங்கள், வேறு நகல் கிடையாது. சரிசெய்ய நான்கு மணி நேரம் ஆகும். பேட்டரி பத்து நிமிடம் தாங்கும். நடுவில் மின்சாரம் போனால் எல்லாம் போச்சு.

"இன்னிக்கு ஒரு நாள் மோட்டார் போடாதீங்க அத்தை," என்றார் கீழ்வீட்டு மியா யீயிடம்.

"எத்தனை பத்திரிகை வச்சிருப்பேன் உனக்கு? ஒரு கல்யாணத்துக்கு வந்தியா? இப்ப பாரு, ஊர்க் கல்யாணம் பூராவும் உன் தலையில." பிறகு குரல் தாழ்ந்தது. "என் பொண்ணு கல்யாணமும் அதுலதான் இருக்கு தம்பி. அவ அப்பா நடமாடறதைப் பாக்கணும்னா அது ஒண்ணுதான். நீ போ, தெருவை நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். மின்சாரம் வந்ததும் சுவிட்சுக்குப் போன கைகளை அவர் குரலே தடுத்தது. தெரு அன்று குளிக்கவில்லை.

படங்கள் மீண்டன. ஆனால் ஒன்றுக்கும் பெயரில்லை, வெறும் எண்கள். இரண்டாயிரம் கல்யாணங்களில் சிட் நைங்குக்கு ஒரு முகம்கூடத் தெரியாது. வேறு வழியில்லாமல் மறுபடி கீழே இறங்கினார்.

மியா யீ சுருட்டோடு வந்து உட்கார்ந்தார்.

"இது பட்டறைக்காரர் மகன். இது அந்த ஐஸ்கிரீம் பத்தாமப் போன கல்யாணம். எழுதிக்கோ."

அவர் போகாத கல்யாணமே இல்லை போலிருந்தது. மூன்றாம் நாள், ஒரு படத்தில் அவருடைய காலமான கணவர் கைலியை இழுத்துக் கட்டிக்கொண்டு விருந்தாளிகளை அழைத்தபடி நடந்து வந்தார். அத்தை இன்னொரு தடவை போடச் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லார் மூஞ்சியும் இருக்கு. உன் மூஞ்சி ஒண்ணுலயும் இல்லையே தம்பி."

சிட் நைங்குக்கு வெட்கமாகிவிட்டது. எழுதுவதுபோல் குனிந்துகொண்டார்.

"அடுத்த கல்யாணம் என்னிக்கு அத்தை?"